லாராவின் பிடி எங்கே நழுவியது? ‘ஏஞ்சல் ஆஃப் டார்க்னஸ்’ ஏமாற்றமும் அதற்குள் இருக்கும் மூன்று குறைகளும்

இன்னைக்கு எபிசோடுல நாம பேசப்போறது 2003 ஜூன் மாசம் வெளியான ஒரு கேமைப் பத்தி. பேரு ‘டூம் ரைடர்: தி ஏஞ்சல் ஆஃப் டார்க்னஸ்’. டூம் ரைடர் வரிசையில ஆறாவது முக்கியமான கேம். பிளேஸ்டேஷன் 2லயும் கம்ப்யூட்டர்லயும் வந்தது. உங்கள்ல பாதிப் பேர் அப்போ பிறந்திருக்கவே மாட்டீங்க. லாரா கிராஃப்ட்னு சொன்னா 2013ல வந்த, வில்லும் அம்புமா காட்டுல ஓடற லாராதான் உங்களுக்கு ஞாபகம் வரும். அதுக்குப் பத்து வருஷம் முன்னாடி, இதே லாரா மொத்தமா காணாமப் போயிருப்பாளோன்னு ரசிகர்கள் பயந்த ஒரு காலம் இருந்துச்சு. அதுக்குக் காரணமான கேம் இது.

இதை ஏன் இப்போ பேசணும்? ஒரு காரணம், 2025 பிப்ரவரி 14ஆம் தேதி இந்த கேம் ரிமாஸ்டரா திரும்ப வந்திருக்கு. அதனால புதுசா நிறைய பேர் இதை ஆடறாங்க. இன்னொரு காரணம் கொஞ்சம் பெரிசு. நம்ம ஒவ்வொருத்தருக்கும் உயிரா நினைக்கற ஒரு சீரிஸ் இருக்கும். அதுல ஒரு பார்ட் சொதப்பும். உடனே நாம ‘மொக்கை’னு ஒரே வார்த்தையில முடிச்சிட்டுப் போயிடுவோம். ஆனா அந்த ஒரு வார்த்தைக்குள்ள மூணு வேற வேற குறை ஒளிஞ்சிருக்கு.

ஒண்ணு: மாத்திட்டாங்க, அந்த மாற்றம் எனக்குப் பிடிக்கல.

ரெண்டு: முடிக்காம வெளியிட்டுட்டாங்க.

மூணு: எதை நம்பி ஆடினோமோ அந்த அடிப்படையே ஆட்டம் கண்டுடுச்சு.

இந்த மூணும் ஒண்ணு இல்லை. மூணுக்கும் காரணம் வேற, மருந்தும் வேற. மூணையும் ஒண்ணாக் கலந்தா என்ன ஆகும்? நல்லதையும் சேர்த்துத் தூக்கிப் போட்டுடுவோம். ஏஞ்சல் ஆஃப் டார்க்னஸுக்கு நடந்தது அதுதான்னு நான் நினைக்கிறேன். ஏன்னு வரிசையா பார்க்கலாம்.

முதல்ல, எதை நேசிச்சோம்?

முதல் டூம் ரைடர் 1996ல வந்தது. இங்கிலாந்துல டார்பிங்கற ஊர்ல இருந்த ‘கோர் டிசைன்’ங்கற ஸ்டூடியோ செஞ்சது. வெளியிட்டது ‘ஐடாஸ்’ நிறுவனம். லாராவை உருவாக்கினவர் டோபி கார்ட். முதல் கேம் முடிஞ்ச கையோட அவர் அங்கிருந்து கிளம்பிட்டார்.

அந்த கேம் ஹிட் ஆனதுக்கு எல்லாரும் சொல்ற காரணம் லாராதான். ரெண்டு துப்பாக்கி, கண்ணாடி, பின்னல், அலட்டிக்காத பேச்சு. அது உண்மைதான். ஆனா ஆடினவங்களைக் கேட்டீங்கன்னா இன்னொரு விஷயம் சொல்லுவாங்க. அதை அவங்களால வார்த்தையில சொல்ல வராது, கையால காட்டுவாங்க. கண்ட்ரோலரைப் பிடிக்கற மாதிரி விரலை வெச்சு, ‘இங்க நின்னு, ஒரு அடி பின்னாடி குதிச்சு, ஓடி, தாவி, பிடிச்சுக்கணும்’னு.

அதோட ரகசியம் ரொம்ப எளிமையானது. பழைய டூம் ரைடர் உலகம் முழுக்க ஒரே அளவு கட்டங்களால ஆனது. நம்ம ஊர் புள்ளிக் கோலம் மாதிரி நினைச்சுக்கோங்க. புள்ளி வெச்ச இடத்துலதான் கோடு போகும். அங்கேயும் ஒவ்வொரு மேடும், பள்ளமும், சுவரும் கட்டத்துக்குள்ளதான் இருக்கும். லாராவோட அசைவுகளையும் அந்தக் கட்டத்துக்கு ஏத்த மாதிரியே அளந்து வெச்சிருந்தாங்க. நின்ன இடத்துல இருந்து தாவினா ஒரு கட்ட இடைவெளியைத் தாண்டுவா. ஓடித் தாவினா ரெண்டு கட்டம். ஓடித் தாவி, எதிர்ப்பக்க விளிம்பைக் கையால பிடிச்சா மூணு கட்டம். எப்பவும் இதேதான், மாறவே மாறாது.

இன்னும் ஒரு நுணுக்கம் இருக்கு. நடக்கற பட்டனை அழுத்திக்கிட்டே போனா லாரா விளிம்புல இருந்து விழ மாட்டா, நின்னுடுவா. அங்கிருந்து ஒரு தடவை பின்னாடி குதிச்சா, ஓடித் தாவறதுக்குத் தேவையான தூரம் சரியா கிடைச்சிடும். இது தெரிஞ்ச பிறகு ஒரு குகைக்குள்ள நுழைஞ்சா கண்ணாலயே கணக்குப் போடலாம். ‘அது ரெண்டு கட்டம், முடியும். அது நாலு, முடியாது, வேற வழி இருக்கணும்.’ கேம் பேசாமலே நம்மகிட்ட ஒரு வாக்குக் கொடுக்குது: நீ சரியா அளந்தா, நான் உன்னை ஏமாத்த மாட்டேன்.

இன்னைக்குப் பார்த்தா அந்த கண்ட்ரோல் ரொம்ப விறைப்பா இருக்கும். டேங்க் ஓட்டற மாதிரின்னு கிண்டல் பண்ணுவாங்க. நியாயமான கிண்டல்தான். ஆனா விறைப்பா இருந்தாலும் அது நேர்மையா இருந்துச்சு. விழுந்தா, ஏன் விழுந்தோம்னு ஆடறவருக்குத் தெரியும். இந்த இடத்தை மனசுல வெச்சுக்கோங்க, திரும்ப வருவோம்.

அஞ்சு வருஷம், அஞ்சு கேம்

1996ல முதல் கேம். 1997ல ரெண்டாவது. 1998ல மூணாவது. 1999ல ‘தி லாஸ்ட் ரெவலேஷன்’. 2000ல ‘குரோனிக்கிள்ஸ்’. வருஷத்துக்கு ஒண்ணுன்னு, தீபாவளி ரிலீஸ் மாதிரி.

ஆடறவங்களுக்குக் கொண்டாட்டம். செய்யறவங்களுக்கு? ஒரு கேமை முடிச்சு மூச்சு விடறதுக்குள்ள அடுத்தது ஆரம்பிச்சிடும். லாஸ்ட் ரெவலேஷனோட கடைசியில எகிப்துல பிரமிடு இடிஞ்சு விழுது, லாரா உள்ளே மாட்டிக்கிறா. அவ செத்துட்டான்னுதான் கதை முடியுது. களைச்சுப் போனதாலதான் லாராவைச் சாகடிச்சோம்னு அதைச் செஞ்சவங்களே பின்னாடி பேட்டிகள்ல சொல்லியிருக்காங்க. ஒரு படைப்பாளி தன்னோட கதாபாத்திரத்தைக் கொல்றது கதைக்காக இருக்கலாம். லீவு கிடைக்கணும்னு கொல்றதை நான் இங்கதான் கேள்விப்பட்டேன்.

லீவு கிடைக்கல. அடுத்த வருஷமே குரோனிக்கிள்ஸ். அதுல லாராவுக்கு நினைவஞ்சலி முடிஞ்சதும் அவளைத் தெரிஞ்ச மூணு பேர் வீட்டுல உட்கார்ந்து பழைய கதைகளைச் சொல்றாங்க. நாம அந்தக் கதைகளை ஆடறோம். செத்துப்போன ஆளை வெச்சும் ஒரு கேம்!

அந்த நேரத்துலயே இன்னொரு பக்கம் ஆறாவது கேமுக்கான வேலையும் ஆரம்பிச்சாச்சு. அதுவரைக்கும் வந்த அஞ்சும் முதல் பிளேஸ்டேஷன் காலத்து கேம்கள். அடிப்படை எஞ்சின் ஒண்ணுதான், அதையே தேய்ச்சு மெருகேத்தி ஓட்டினாங்க. பிளேஸ்டேஷன் 2க்கு அது ஒத்து வராது. அதனால எஞ்சினைப் புதுசா எழுதணும். அதுல இருக்கற கருவிகளையும் புதுசா செய்யணும். புது மெஷினைக் கத்துக்கணும். வீட்டை இடிச்சுக் கட்டற வேலையை, உள்ளே குடித்தனம் நடந்துக்கிட்டிருக்கும்போதே ஆரம்பிச்ச மாதிரி.

முதல் குறை: மாத்திட்டாங்க

சரி, ஏஞ்சல் ஆஃப் டார்க்னஸ் என்ன செய்ய நினைச்சது?

கதை பாரிஸ்ல தொடங்குது. லாரா உயிரோட திரும்பி வந்திருக்கா, ஆனா பழைய லாரா இல்லை. கோபமா இருக்கா, யாரையும் நம்பல. அவளோட பழைய குரு வெர்னர் வான் கிராய் அவர் வீட்டுலயே கொலை செய்யப்படறார். பழி லாரா மேல விழுது. நகரத்துல ஏற்கெனவே ‘மான்ஸ்ட்ரம்’னு ஒரு தொடர் கொலைகாரன் திரிஞ்சுக்கிட்டிருக்கான். போலீஸ் துரத்த, மழை பெய்யற சந்துகள்ல லாரா ஓடறா. அங்கிருந்து கதை மத்தியகால ஓவியங்கள், ரகசியக் கூட்டம், பிராக் நகரம்னு போகுது.

இது பெரிய மாற்றம். குகை, காடு, பழைய கோயில்னு இருந்த சீரிஸ் திடீர்னு அபார்ட்மென்ட், நைட் கிளப், மருத்துவமனைன்னு நகரத்துக்குள்ள வந்துடுச்சு. லாரா மத்தவங்ககிட்ட பேசும்போது பதிலை நாம தேர்ந்தெடுக்கலாம். சுவரோட ஒட்டி மறைஞ்சு போகலாம். கர்டிஸ் டிரென்ட்னு இன்னொரு கதாபாத்திரத்தையும் கொஞ்ச நேரம் ஆடலாம்.

நிறைய பேருக்கு இது பிடிக்கல. ‘டூம் ரைடர்ல டூம் எங்கடா?’ன்னு கேட்டாங்க. கேள்வி நியாயம்தான். ஆனா இதை நான் குறையா பார்க்கல, ரசனை வேறுபாடாத்தான் பார்க்கறேன். எனக்கு இந்த இருட்டு லாரா ரொம்பப் பிடிக்கும். சொல்லப்போனா இந்த கேமோட சிறந்த பகுதியே பழசும் புதுசும் சந்திக்கற இடம்தான். ராத்திரியில லூவ்ர் அருங்காட்சியகத்துக்குள்ள திருட்டுத்தனமா நுழையறோம். காவலர்கள் கண்ணுல மண்ணைத் தூவிட்டுப் போறோம். பார்த்தா, அதுக்குக் கீழே ஒரு அகழாய்வுக் குழி. அதுக்கும் கீழே, காத்து, தண்ணி, மண், நெருப்புன்னு நாலு சோதனைகள் வெச்ச ஒரு பழங்கால மண்டபம். மேலே 2003, கீழே 1996. இந்த யோசனை ஒண்ணுக்காகவே இதைச் செஞ்சவங்களுக்குக் கை குடுக்கலாம்.

இசையையும் சொல்லியாகணும். பீட்டர் கானலியும் மார்ட்டின் ஐவ்சனும் இசையமைச்சு, லண்டன் சிம்ஃபனி ஆர்க்கெஸ்ட்ரா வாசிச்சது. கேமைத் திட்டறவங்ககூட இசையைத் திட்ட மாட்டாங்க.

ஆக, முதல் குறை உண்மையில குறையா, இல்லை ரசனையாங்கறதை அவங்கவங்க முடிவு பண்ணிக்கலாம். காலம் இதுக்கு மருந்து. மாற்றம் முதல்ல உறுத்தும், பிறகு பழகும்.

ரெண்டாவது குறை: முடிக்கல

இதுக்குக் காலம் மருந்து கிடையாது.

இந்த கேம் 2002 நவம்பர்ல வர்றதா இருந்துச்சு. தள்ளிப்போச்சு. கடைசியா 2003 ஜூன்ல வந்தது. அடுத்த மாசமே, ஜூலையில, ஏஞ்சலினா ஜோலி நடிச்ச ரெண்டாவது டூம் ரைடர் படம் ‘தி கிரேடில் ஆஃப் லைஃப்’ ரிலீஸ். அவசரத்துல அள்ளித் தெளிச்ச கோலம்னு சொல்லுவாங்களே, அது இங்க எழுத்துக்கு எழுத்துப் பொருந்தும். ஏன்னா கேம் முழுக்க, பாதியில நிறுத்தின வேலையோட தடயங்கள் கிடக்குது.

பலம் கூடற விஷயத்தைப் பாருங்க. ஆர்பிஜி கேம்கள்ல இருக்கற மாதிரி லாராவோட உடல் பலம் போகப்போக வளரணும்னு யோசிச்சிருக்காங்க. நல்ல யோசனை. ஆனா கடைசியில வந்தது என்ன? ஒரு இடத்துல லாராவால முன்னேற முடியாது, எனக்கு அவ்வளவு பலம் இல்லைங்கற மாதிரி சொல்லுவா. பக்கத்துல ஒரு பொருளைத் தள்ளினா, இல்லை ஒரு கதவை நெம்பித் திறந்தா, ‘இப்போ பலம் கூடின மாதிரி இருக்கு’ன்னு சொல்லுவா. திரும்பி வந்து பார்த்தா முடியும். அவ்வளவுதான். உலகம் முழுக்க மலை ஏறின பொம்பளைக்கு ஒரு அலமாரியைத் தள்ளினதும் பலம் வருது! ஒரு பெரிய திட்டத்தோட மிச்சம் ஒரு ஜோக்கா நின்னு போச்சு. ரசிகர்கள் இருபது வருஷமா அந்த வசனத்தை வெச்சு மீம் போடறாங்க.

கர்டிஸ் கதையும் அப்படித்தான். கதைப்படி அவனுக்கு அமானுஷ்ய சக்தி உண்டு. ‘சிருகாய்’னு கத்திகள் நீளற ஒரு வட்டமான ஆயுதம் வெச்சிருப்பான். நாம ஆடும்போதோ அவன் துப்பாக்கியோட மெதுவா நடக்கற ஒரு சாதாரண ஆள். காட்சிகள்ல பார்த்த சக்தியெல்லாம் நம்ம கைக்கு வரும்போது காணோம். பேச்சுல நாம தேர்ந்தெடுக்கற பதில்களும் கதையைப் பெரிசா மாத்தறது இல்லை.

கதைக்குள்ளயே ஓட்டைகள் தெரியும். திட்டத்துல இருந்த சில இடங்களை மொத்தமா வெட்டியிருக்காங்க. ஜெர்மனியில ஒரு கோட்டை, துருக்கியில கப்படோசியா, இதெல்லாம் யோசிச்சு வெச்சு வராமப் போன பகுதிகள். அதனால ஒரு ஆள் திடீர்னு வருவார், அவரை ஏற்கெனவே நமக்குத் தெரியும்கற மாதிரி எல்லாரும் பேசுவாங்க. நமக்குத் தெரியாது.

இது மட்டும்தான் பிரச்சினைன்னா மன்னிச்சிருப்போமா? மன்னிச்சிருப்போம்னு நான் நினைக்கிறேன். அதுக்கு ஆதாரம் அதே வருஷத்துல இருக்கு.

ஒரு சின்ன ஒப்பீடு: அதே 2003ல ஒரு படகு

‘தி லெஜண்ட் ஆஃப் செல்டா: தி விண்ட் வேக்கர்’ ஜப்பான்ல 2002 டிசம்பர்லயும் மேற்கத்திய நாடுகள்ல 2003லயும் வந்தது. அதுவும் உயிரா நேசிக்கப்பட்ட ஒரு அட்வெஞ்சர் சீரிஸ். அதுவும் முகத்தை மாத்திக்கிச்சு. 2000ல நின்டெண்டோ காட்டின டெமோவுல ஹீரோ லிங்க் நிஜ மனுஷன் மாதிரி இருந்தான். அடுத்த வருஷம் பார்த்தா முட்டைக் கண்ணோட கார்ட்டூன் பையன். ரசிகர்கள் கொதிச்சுப் போனாங்க.

அந்த கேமும் முழுசா முடிக்கப்படல. சில டன்ஜியன்களை நேரம் இல்லாததால விட்டுட்டோம்னு அதை இயக்கின எய்ஜி அவோனுமாவே சொல்லியிருக்கார். கடைசிப் பகுதியில டிரைஃபோர்ஸ் துண்டுகளைத் தேடி கடல்ல படகு ஓட்டிக்கிட்டே இருக்கணும். கொட்டாவி வரும். 2013ல ஹெச்டி பதிப்பு வந்தப்போ அந்தப் பகுதியைச் சுருக்கினாங்க.

அப்போ மாற்றமும் இருக்கு, முடிக்காத வேலையும் இருக்கு. ஆனா இன்னைக்கு விண்ட் வேக்கரை யாரும் தோல்வின்னு சொல்றது இல்லை. ஏன்? ஆடும்போது கை நம்பினது எல்லாம் அப்படியே இருந்துச்சு. எதிரியைக் குறிவெச்சுப் பிடிச்சுக்கிட்டே சுத்திச் சண்டை போடற முறை, 1998ல ‘ஓக்கரினா ஆஃப் டைம்’ல வந்தது. அது இங்கேயும் வேலை செஞ்சது, இன்னும் வழுக்கிக்கிட்டு. முகம்தான் புதுசு, கைக்குப் பழைய நண்பன்.

மூணாவது குறை: வாக்கு தவறினது

இப்போ அந்தக் கட்டங்களுக்குத் திரும்புவோம்.

ஏஞ்சல் ஆஃப் டார்க்னஸ்ல அந்தக் கட்ட உலகம் போயிடுச்சு. பாரிஸ் தெருவைக் கட்டம் கட்டமா காட்ட முடியாதே. சரி, தப்பு இல்லை. ஆனா கட்டத்தை எடுத்தா, அது கொடுத்த நம்பிக்கைக்குப் பதிலா வேற ஒரு நம்பிக்கையை வெக்கணும். அதே நவம்பர் 2003ல வந்த ‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா: தி சாண்ட்ஸ் ஆஃப் டைம்’ அதைச் செஞ்சது. இளவரசன் சுவர்ல ஓடுவான், தண்ணி மாதிரி அசைவான். தவறி விழுந்தா மணலைக் கொண்டு நேரத்தையே பின்னாடி ஓட்டிக்கலாம். கட்டம் இல்லை, ஆனா வலை இருக்கு.

லாராவுக்கு ரெண்டும் இல்லாமப் போச்சு. பட்டனை அழுத்தினதுக்கும் அவ அசையறதுக்கும் நடுவுல ஒரு சின்னத் தாமதம். அப்போதைய விமர்சனங்கள் பலதுலயும் வந்த புகார் இது. திரும்பச் சொன்னா ஒரு சுற்றுச் சுற்றித் திரும்புவா. கேமரா தன் இஷ்டத்துக்குக் கோணம் மாறும், அதோட நாம அழுத்தற திசையோட அர்த்தமும் மாறும். இதுக்கு மேல விளிம்புல தொங்கறதுக்கு ஒரு நேர அளவு வெச்சாங்க. பிடி பலம் குறைஞ்சுக்கிட்டே வரும், தீர்ந்தா விழுந்துடுவா.

யோசிச்சுப் பாருங்க. தொங்கும்போது பிடி நழுவறது பதற்றத்துக்கான நல்ல யோசனைதான். 2017ல வந்த செல்டா கேம்ல மலை ஏறும்போது ஸ்டாமினா குறையறதை நாம ரசிச்சோம். ஆனா கண்ட்ரோல் நம்ம பேச்சைக் கேட்டாத்தான் அது பதற்றம். கேட்கலைன்னா வெறும் எரிச்சல். பழைய கேம்ல விழுந்தா, ‘அளவு தப்பிடுச்சு, இன்னொரு தடவை’ன்னு தோணும். இதுல விழுந்தா, ‘நான் ஒண்ணு சொன்னேன், அவ ஒண்ணு செஞ்சா’ன்னு தோணும். அந்த இடத்துலதான் ஏமாற்றம் கோபமா மாறுது.

பழக்கமில்லாத ஒரு கேம்ல கண்ட்ரோல் மோசமா இருந்தா நிறுத்திட்டுப் போயிடுவோம், வலிக்காது. அஞ்சு கேம் ஆடி, அந்த உடம்போட அசைவு நம்ம விரல்ல ஊறின பிறகு அவ நம்மளை அடையாளம் தெரியாத மாதிரி நடந்துக்கிட்டா வலிக்கும். சீரிஸ் கேம்ல மட்டும் வர்ற ஏமாற்றம் அது.

அதுக்கப்புறம் என்ன ஆச்சு?

மெட்டாக்ரிட்டிக் தளத்துல முதல் டூம் ரைடரோட பிளேஸ்டேஷன் பதிப்புக்கு 100க்கு 91. ஏஞ்சல் ஆஃப் டார்க்னஸோட பிளேஸ்டேஷன் 2 பதிப்புக்கு 52. ஜூலையில வந்த படம் எதிர்பார்த்த அளவு ஓடலைன்னதும், கேம் சரியில்லாததும் ஒரு காரணம்னு படத்தை வெளியிட்ட பாரமவுன்ட் தரப்பு சொன்னது.

கேம் வந்து சில வாரத்துலயே முடிவு எடுத்தாச்சு. கோர் டிசைன் நிறுவனர்கள்ல ஒருத்தரான ஜெரமி ஹீத்-ஸ்மித் வெளியேறினார். டூம் ரைடர் டார்பியை விட்டு, கலிஃபோர்னியாவுல இருந்த ‘கிரிஸ்டல் டைனமிக்ஸ்’ ஸ்டூடியோவுக்குப் போயிடுச்சு. அவங்க 2006ல ‘டூம் ரைடர்: லெஜண்ட்’ கொண்டு வந்தாங்க. லாராவை உருவாக்கின டோபி கார்ட் அதுல திரும்பச் சேர்ந்தார். அருமையான கேம். லாரா தண்ணி மாதிரி அசைஞ்சா, சீரிஸ் பிழைச்சுக்கிச்சு.

ஆனா டார்பியில இருந்தவங்க? முதல் கேமோட பத்தாம் ஆண்டுக்கு, அதையே பிஎஸ்பிக்காகப் புதுசா செய்யற வேலையை அவங்க ஆரம்பிச்சிருந்தாங்க. தங்களோட லாராவை ஒரு தடவை திரும்பத் தொட ஒரு வாய்ப்பு. 2006ல அது ரத்தாச்சு. அதே யோசனையை கிரிஸ்டல் டைனமிக்ஸ் செஞ்சு, 2007ல ‘ஆனிவர்சரி’னு வெளியிட்டாங்க. கோர் டிசைனை ‘ரெபெல்லியன்’ நிறுவனம் வாங்கிச்சு. 2010ல அந்த ஸ்டூடியோ மூடப்பட்டது. அதே 2010ல டார்பி நகரத்துல புதுசா திறந்த ஒரு சாலைக்கு, மக்கள் ஓட்டுப் போட்டு வெச்ச பேரு ‘லாரா கிராஃப்ட் வே’. ஊருக்கு லாரா வேணும். லாராவைச் செஞ்ச இடம்தான் இல்லை.

52ங்கற எண் எதைச் சொல்லல?

இங்கதான் என்னோட வாதம் வருது. 52 மார்க்குங்கறது கூட்டுத்தொகை. எந்தப் பாடத்துல ஃபெயில்னு அது சொல்லாது. கதைக்கு எவ்வளவு, இசைக்கு எவ்வளவு, கண்ட்ரோலுக்கு எவ்வளவுன்னு பிரிச்சுப் பார்க்காம ‘இந்த கேம் தோல்வி’ன்னு முடிவு பண்ணினா, அதுல இருந்த எல்லாமே தோல்வி ஆயிடும்.

அப்படித்தான் ஆச்சு. இது ஒரு நீண்ட கதையோட முதல் பாகமா யோசிக்கப்பட்டது. கடைசிக் காட்சியில லாரா, கர்டிஸோட ஆயுதத்தைக் கையில எடுக்கறா, அது அசையுது. அது காட்டற திசையில, இருட்டுக்குள்ள சிரிச்சுக்கிட்டே நடந்து போறா. அவன் உயிரோட இருக்கானா? தெரியாது. அதுக்கப்புறம் வந்த எந்த கேமும் பதில் சொல்லல. நகரத்துக்குள்ள நடக்கற டூம் ரைடர், பழி சுமந்த லாரா, இரண்டாவது நாயகன், எல்லாம் ஒரே பெட்டியில போட்டுப் பூட்டப்பட்டது. கண்ட்ரோல் செஞ்ச குத்தத்துக்குக் கதைக்குத் தண்டனை.

இதுக்கு ஒரு நல்ல சோதனைதான் 2025ல வந்த ரிமாஸ்டர். ‘ஆஸ்பைர்’ நிறுவனம் நாலு, அஞ்சு, ஆறு மூணையும் சேர்த்து வெளியிட்டது. இதுல லாரா நாம தள்ளற திசையில அப்படியே போற புது கண்ட்ரோல் முறை இருக்கு. முன்னாடி வெட்டப்பட்ட சில விஷயங்களும் திரும்ப வந்திருக்கு. அதாவது மூணாவது குறையை ஓரளவு சரிபண்ணி, ரெண்டாவதைக் கொஞ்சம் ஒட்டுப்போட்டு, முதலாவதை அப்படியே விட்டுட்டாங்க. இப்போ ஆடிப் பாருங்க. அந்த லூவ்ர் பகுதி எவ்வளவு நல்லா இருக்குன்னு தெரியும். பலம் கூடற வசனம் இன்னும் சிரிப்பாத்தான் இருக்கும். கதை இன்னும் அந்தரத்துலதான் நிக்கும். குறைகள் தனித்தனியா கண்ணுக்குத் தெரியும்.

இதே மாதிரி இன்னொண்ணு உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். 2014ல வந்த ‘அசாசின்ஸ் கிரீட் யூனிட்டி’. முகத்தோல் இல்லாம கண்ணும் பல்லும் மட்டும் மிதக்கற அந்த ஸ்கிரீன்ஷாட்டை யாரு மறப்பாங்க! அதுவும் பாரிஸ்தான், அதுவும் வருஷா வருஷம் வந்த சீரிஸ்தான். ஆனா அதோட பிரச்சினை பெரும்பாலும் ரெண்டாவது வகை. பேட்ச் மேல பேட்ச் வந்து சரியானதும், அந்த நகரத்தோட அழகு தனியா தெரிஞ்சது. இன்னைக்கு அதைப் பாராட்டறவங்க நிறைய பேர். 2003ல பிளேஸ்டேஷன் 2 டிஸ்க்ல வந்த கேமுக்கு அந்த ரெண்டாவது வாய்ப்பு கிடையாது. அச்சடிச்சது அச்சடிச்சதுதான்.

அடுத்த தடவை என்ன கேட்கலாம்?

உங்களுக்குப் பிடிச்ச சீரிஸ்ல அடுத்த பார்ட் சொதப்பினா, நான் சொல்றது இவ்வளவுதான். மூணு கேள்வி கேளுங்க. இது எனக்குப் பழகாததா? இது முடிக்காததா? இல்லை, நான் நம்பின ஒண்ணை உடைச்சிருக்காங்களா?

பழகாததுன்னா கொஞ்சம் டைம் குடுங்க. முடிக்காததுன்னா, முழு விலை குடுத்து முதல் நாளே வாங்கணுமான்னு யோசிங்க, கோபத்தை தேதி குறிச்சவங்க மேல வைங்க. மாடல் செஞ்ச பையன் மேலயோ, வசனம் எழுதினவங்க மேலயோ வேண்டாம். நம்பினதை உடைச்சிருந்தா, அது என்னன்னு பேர் சொல்லிச் சொல்லுங்க. ‘மொக்கை’ன்னு எழுதினா அடுத்த டீமுக்கு அதுல இருந்து கத்துக்க ஒண்ணுமே இல்லை. ‘தாவற பட்டனை அழுத்தினா உடனே தாவல, மத்தபடி கதையை விட்டுடாதீங்க’ன்னு எழுதினா, கர்டிஸ் மாதிரி ஒருத்தன் இருபது வருஷம் காணாமப் போக மாட்டான்.

எனக்கு ஏஞ்சல் ஆஃப் டார்க்னஸ் நல்ல கேம் இல்லை. ஆனா எனக்குப் பிடிச்ச கேம். இந்த ரெண்டு வாக்கியமும் ஒரே ஆள் வாயில இருந்து வரலாம், முரண்பாடு ஒண்ணும் கிடையாது.

உங்களோட ஏமாத்தின பார்ட் எது? இந்த மூணுல எந்த வகைன்னு பிரிச்சு, ஒரு வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. நல்லா பிரிச்சவங்களோட பதிலை அடுத்த எபிசோடுல போடறோம். அதுவரைக்கும், விளிம்புல நடக்கும்போது பட்டனை அழுத்திப் பிடிச்சுக்கோங்க. பார்க்கலாம், மக்களே.